ஏஞ்சலிகா காஃப்மன் வரைஞ்ச வீரனுங்க எல்லாம் ஏன் இவ்ளோ மென்மையா இருக்காங்க? (நீளமான பதிவு, பொறுமையா படிங்க)

கரிக்கோடு:
ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னிக்கு எழுதிடறேன். 18ஆம் நூற்றாண்டு ஓவியம் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஏஞ்சலிகா காஃப்மன் பேரு வந்த உடனே ஒரே வசனம்தான் வரும், "அழகா இருக்கும், ஆனா சாஃப்ட், அவங்க வரையற வீரன் எல்லாம் வேஷம் கட்டின பொண்ணு மாதிரி இருப்பான்". போன வாரம் இங்கயே வேற இழையில ஒருத்தர் அதையே எழுதியிருந்தார், படிச்சிட்டு எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1741ல ஸ்விட்சர்லாந்து கூர் நகரத்துல பிறந்தவங்க. அப்பா யோஹான் யோசெஃப் ஊர் ஊரா போய் படம் போடற ஓவியர், ஆஸ்திரியா பக்கத்து ஷ்வார்ட்சென்பெர்க் கிராமத்துக்காரர். பொண்ணுக்கு பாட்டும் வரும் படமும் வரும். 1753லயே கையில ஸ்வரத் தாளோட தன்னைத் தானே வரைஞ்சிருக்காங்க, அப்போ வயசு 11 இல்ல 12, அந்தப் படம் இன்னிக்கும் இன்ஸ்ப்ரூக்ல இருக்கு. அப்புறம் இத்தாலி, 1766ல லண்டன், 1768ல அங்க ராயல் அகாடமி (ஓவியர்கள், சிற்பிகள் சங்கம், கூடவே ஒரு பள்ளியும்) ஆரம்பிச்சப்போ ஸ்தாபக உறுப்பினர்கள்ல இருந்த ரெண்டே பெண்கள்ல ஒருத்தர், இன்னொருத்தர் மேரி மோசர். இந்த ரெண்டு பேருக்கு அப்புறம் முழு உறுப்பினரா ஒரு பெண் தேர்வானது 1936ல, லாரா நைட். நடுவுல 168 வருஷம், யோசிச்சுப் பாருங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். உறுப்பினர் ஆக்கினாங்களே தவிர லைஃப் கிளாஸ் உள்ள விடல, ஏன்னா அங்க ஆம்பள மாடல் துணியில்லாம நிப்பான். ஓவியர் ஸோஃபனி 1771-72ல வரைஞ்ச அகாடமி குரூப் படம் பாத்திருப்பீங்க, கிட்டத்தட்ட எல்லா ஆம்பள உறுப்பினரும் மாடலைச் சுத்தி நிக்கறாங்க, இந்த ரெண்டு பெண்கள் மட்டும் எங்கன்னு தேடினா சுவத்துல மாட்டின ரெண்டு சின்ன படமா இருக்காங்க. உறுப்பினரா இருந்தும் தன் அகாடமியோட குரூப் படத்துல ஒரு சுவர் படம்!

அந்தக் காலத்துல ஓவியத்துலயே உசத்தின்னா புராணம், வரலாறு வரையறதுதான். போர்ட்ரெய்ட் அதுக்கு கீழ, பூ அதுக்கும் கீழ. புராணம் வரையணும்னா வீரன் வேணும், வீரன் வேணும்னா அனாட்டமி வேணும், அனாட்டமி கத்துக்கற கதவு மூடியிருக்கு. நிறைய பேர் பூவோடயும் மினியேச்சரோடயும் நின்னுட்டாங்க, இவங்க நிக்கல. 1769ல அகாடமியோட முதல் கண்காட்சிக்கு நாலு படம் அனுப்பினாங்க, நாலுமே ஹோமர், வர்ஜில்னு பழைய கிரேக்க, ரோமக் கவிஞர்கள் வகையறா கதைங்க. அந்த நாலுலயும் கதையோட எந்த நிமிஷத்தை எடுத்தாங்கன்னு பாருங்க, என் வாதமே அதுலதான் இருக்கு.

ஹெக்டர் ஆண்ட்ரமகி. டிராய் நகர வீரன் ஹெக்டர்னாலே சண்டை, ஆனா இவங்க எடுத்தது சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி பொண்டாட்டி கிட்ட விடைபெறற நேரம். அப்புறம் அகிலீஸ், அதுவும் எந்த அகிலீஸ், பொண்ணுங்க நடுவுல பொண்ணு வேஷத்துல ஒளிஞ்சிருக்கறப்போ யுலிசிஸ் கண்டுபிடிக்கற அகிலீஸ்! ஆம்பள உடம்பைப் படிக்க விடாத ஒரு ஓவியர் கிரேக்கத்தோட பெரிய வீரனை எடுத்து, அவன் பாவாடை கட்டியிருந்த காலத்தை வரையறாங்க. இது தெரியாம அமைஞ்சதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மூணாவது, டிராய்லேர்ந்து தப்பி வந்த ஈனியாஸுக்கு வீனஸ் தேவதை கார்த்தேஜ் நகரத்துக்கு வழி காட்டறது, வழி தெரிஞ்சவ பெண். நாலாவது பெனலோப்பி, புருஷன் யுலிசிஸோட வில்லை எடுக்கற காட்சி.

அதனால "மென்மை"ங்கறது குறை இல்ல, கிடைச்ச வழியில அவங்க எடுத்த முடிவுன்னு நான் நினைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?

பழைய_தூரிகை:
அம்மா, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா நான் கொஞ்சம் மறுத்துப் பேசணும். முப்பது வருஷம் பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுத்தவன் நான். கதவு மூடியிருந்தது அநியாயம், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா அநியாயம் நடந்ததுங்கறதுக்காக தோள்பட்டை சரியா உக்காராத இடத்தை சரியா உக்காந்திருக்குன்னு சொல்ல முடியாது. இவங்க ஆண் உருவங்கள்ல கழுத்து தோளோட சேர்ற இடம் பல படத்துல வழுக்கிட்டுப் போகுது, உடம்போட எடை எந்தக் கால்ல இருக்குன்னு தெரியல. முகமும் அப்படித்தான், நீளமான நேர் மூக்கு, சின்ன வாய், ஒரு பக்கமா சாஞ்ச தலை, பத்து படம் வரிசையா வச்சா அக்கா தங்கச்சிங்க மாதிரி இருக்கும். காரணம் புரியுது, ஆனா காரணம் புரிஞ்சா குறை மறைஞ்சிடாதுல்ல.

கரிக்கோடு:
சார், தோள்பட்டை விஷயம் நானும் பாத்திருக்கேன், மறுக்கல. நேர் மூக்கு மட்டும் அவங்களோடது இல்ல சார், அது அந்தக் காலத்து நியோகிளாசிக்கல் (பழைய கிரேக்க, ரோமக் கலையைப் பின்பத்தற பாணி) இலக்கணம், கிரேக்க சிலையைப் பாத்துட்டு ஜெர்மன் ஓவியர் மெங்ஸ்ல இருந்து எல்லாருமே அப்படித்தான் போட்டாங்க. மத்தவங்க போட்டா "கிளாசிக்கல் இலட்சிய முகம்", இவங்க போட்டா "ஒரே முகம்"னு ஆயிடுது, அதுதான் எனக்கு வலிக்குது.

கிரேக்கக்கதை_பைத்தியம்:
பெனலோப்பி பேரைச் சொல்லிட்டீங்க, இனி என்னை நிறுத்த முடியாது. அந்த வில் காட்சியைப் பத்தி ஒண்ணு சொல்றேன். கதைப்படி வீடு பூரா மாப்பிள்ளை கேட்டு வந்தவனுங்க உக்காந்து தின்னு தீத்துட்டிருக்கானுங்க, இருபது வருஷமா புருஷனைக் காணோம், யுலிசிஸோட வில்லை வளைக்கறவனைக் கட்டிக்கறேன்னு போட்டி வைக்க முடிவு பண்ணி, அவ தானே சாவியை எடுத்துட்டுப் போய் கிடங்கைத் திறந்து அந்த வில்லை எடுக்கறா, எடுத்து மடியில வச்சு அழறா. அதுக்கு அப்புறம்தான் அம்பு, ரத்தம், கொலை எல்லாம். வேற யாரா இருந்தாலும் அம்பு விடற யுலிசிஸைத்தான் வரைவாங்க, ஏன்னா ஆக்‌ஷன் அங்கதான் இருக்கு. ஆனா கதையோட திருப்பம் எங்க இருக்குன்னு பாத்தா கிடங்குக் கதவுகிட்டதான், அவ அந்த வில்லை இறக்கலைன்னா பின்னாடி ஒண்ணுமே நடக்காது. காஃப்மன் அந்த இடத்துல விரல் வச்சிருக்காங்க.

அது மட்டும் இல்ல, பெனலோப்பி கிட்ட திரும்பத் திரும்பப் போயிருக்காங்க. 1764ல தறிக்கு முன்னாடி உக்காந்திருக்கற பெனலோப்பி, தலையைக் கையில தாங்கிக்கிட்டு, காலடியில நாய். 1772ல பழைய தாதி யூரிக்ளியா வந்து எழுப்பி புருஷன் வந்துட்டான்னு சொல்ற காட்சி. பகல்ல நெய்யறது, ராத்திரி பிரிக்கறது, ஒரு கைவேலையை வச்சே நூறு பேரை மூணு வருஷம் தள்ளி நிறுத்தின பொம்பள அவ. தன் கைவேலையை நம்பி வாழற ஒரு பொண்ணுக்கு அவளைப் பிடிச்சது எனக்கு ஆச்சரியமாவே இல்ல.

தேம்ஸ்_கரை:
நான் லண்டன்ல இருக்கேன். 2024ல ராயல் அகாடமியிலயே இவங்களுக்குன்னு தனி கண்காட்சி வச்சாங்க, ரெண்டு தடவை போனேன். ஆனா நான் சொல்ல வந்தது அதை இல்ல. பிக்கடில்லியில அகாடமி இப்போ இருக்கற பர்லிங்டன் ஹவுஸ் வாசல் மண்டபத்துல நுழைஞ்ச உடனே தலையைத் தூக்கிப் பாருங்க, எல்லாரும் நேரா டிக்கெட் பக்கம் போயிடறாங்க, யாரும் நிமிர்ந்து பாக்கறதில்ல. கூரையில இவங்க வரைஞ்ச நாலு ஓவல் படம் இருக்கு. 1778லேர்ந்து 1780க்குள்ள அகாடமியோட கவுன்சில் அறைக்காக, அப்போ சாமர்செட் ஹவுஸ்ல இருந்தது, அதுக்காக வரைஞ்சது. கற்பனை, அமைப்பு, கோட்டோவியம், வண்ணம்னு ஓவியத்தோட நாலு அங்கம், நாலுமே பெண்ணுருவம்.

கலைகளைப் பெண்ணா வரையறது பழைய வழக்கம்தான், ஆனா அந்த உருவங்க பொதுவா சும்மா அழகா உக்காந்திருக்கும். இவங்களோடது வேலை செய்யுது. வண்ணம்ங்கற படத்துல அந்தப் பொண்ணு கையைத் தூக்கி பிரஷ்ஷால வானவில்லுல இருந்தே கலர் எடுக்கறா. கோட்டோவியத்துல ஒருத்தி உக்காந்து ஒரு சிலையைப் பாத்து வரையறா, எந்தச் சிலைன்னா பெல்வடேர் டார்சோ, வாத்திக்கன்ல இருக்கே, தலையும் கையும் இல்லாத ஆம்பள உடம்பு, அதோட பிளாஸ்டர் வார்ப்பு. உயிருள்ள ஆம்பள உடம்பைப் பாக்கக் கூடாதுன்னு சொன்ன அதே அகாடமியோட கூரையில, ஒரு பொண்ணு பிளாஸ்டர்ல ஆம்பள உடம்பைப் படிச்சுட்டு இருக்கா. அங்க நின்னு பாத்தப்போ எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு, பக்கத்துல யாரோ கழுத்து வலிக்குதான்னு கேட்டாங்க.

மூணாம்_வருஷம்:
அக்கா, நான் ஃபைன் ஆர்ட்ஸ் மூணாவது வருஷம் படிக்கறேன். எங்க ஹிஸ்டரி பேப்பர்ல நியோகிளாசிசிசம்னா டேவிட், ஆங்க்ர், கனோவா, முடிஞ்சது. இந்தப் பேரு ஒரு வரியில கூட வரல. ஒரு டவுட், அந்த லைஃப் கிளாஸ் தடை எப்போ நீங்குச்சு? அப்புறம் இவங்க எப்படித்தான் கத்துக்கிட்டாங்க?

கரிக்கோடு:
தம்பியா தங்கச்சியா தெரியல, நல்ல கேள்வி. 1860ல லாரா ஹெர்ஃபோர்ட்னு ஒருத்தங்க அகாடமி பள்ளியில மாணவியா நுழைஞ்சாங்க, ஆனா பெண்களுக்கு ஆண் மாடலைப் பாத்து வரைய அனுமதி வந்தது 1893ல, அதுவும் மாடல் இடுப்புல துணி சுத்தியிருக்கணும். ஏஞ்சலிகா போய்ச் சேந்து 86 வருஷம் கழிச்சு!

அவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னா, முதல்ல அப்பா. பதினஞ்சு பதினாறு வயசுலயே, அம்மா இறந்த அப்புறம், அப்பாவோட ஊரு தேவாலயத்துல சுவர்ல அப்போஸ்தலர்களை வரைஞ்சாங்க, வெனிஸ் ஓவியர் பியாட்செட்டாவோட படங்கள் அச்சுல கிடைச்சதை வச்சு. அப்புறம் இத்தாலியில பெரிய மாஸ்டர்களைக் காப்பி பண்றது, சிலைகளைப் பாத்து வரையறது. 1762ல ஃப்ளாரன்ஸ் அகாடமி உறுப்பினர், 1765ல ரோம்ல சான் லூகா அகாடமி உறுப்பினர், அப்போ வயசு 23.

மூணாம்_வருஷம்:
தங்கச்சிதான் அக்கா.

நெல்லை_வாசகன்:
எல்லாரும் புராணப் படத்துலயே நிக்கறீங்க, நான் போர்ட்ரெய்ட் பக்கம் பேசறேன், ஏன்னா என் கணக்குல அவங்க கை உண்மையிலயே பேசறது அங்கதான். 1764ல ரோம்ல வின்கல்மனை வரைஞ்சாங்க, இப்போ ஜூரிக் குன்ஸ்ட்ஹவுஸ்ல இருக்கு. வின்கல்மன் யாருன்னா கிரேக்கக் கலைதான் உச்சம்னு எழுதி இந்த நியோகிளாசிக்கல் அலையையே கிளப்பிவிட்ட மனுஷன், ஐரோப்பா பூரா அவர் பேச்சைக் கேட்டுட்டிருந்த நேரம். அவரை 22 வயசுப் பொண்ணு வரையுது. படத்துல சிங்காரம் ஒண்ணும் இல்ல, மேஜை, திறந்த புத்தகம், கையில பேனா, எழுதிட்டே இருந்தவர் அடுத்த வார்த்தைக்காக நிமிர்ந்த மாதிரி ஒரு பார்வை. அவர் கழுத்து தோள் எல்லாம் அழகா உக்காந்திருக்கு, பழைய_தூரிகை சார் போய்ப் பாருங்க. அவருக்கும் பெருமை தாங்கல, நண்பருக்குக் கடிதத்துல இந்தப் பொண்ணு எத்தனை பாஷை பேசுதுன்னு கூட எழுதியிருக்கார். ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்ச், இங்கிலீஷ் நாலும் தெரியும் அவங்களுக்கு. அந்த நாலு பாஷையும் தொழிலுக்கு எவ்ளோ உதவியிருக்கும், ரோம் வழியா போற எந்த நாட்டு பிரபு வந்தாலும் நேரா உக்காந்து பேசிட்டே வரையலாம், நடுவுல ஆள் வேண்டாம்.

அதே வருஷம் நடிகர் டேவிட் கேரிக் படம், நாற்காலி முதுகு மேல கை போட்டுட்டு திரும்பிப் பாக்கற மாதிரி, அதை லண்டன்ல கண்காட்சிக்கு அனுப்பினாங்க, ஆள் போறதுக்கு முன்னாடியே பேர் போய்ச் சேந்துடுச்சு. 1767ல, பின்னாடி அகாடமியோட முதல் தலைவரான ஓவியர் ரெனால்ட்ஸை வரைஞ்சாங்க. இங்கிலீஷ் ராணி, டச்சஸ்ங்க, துருக்கி டிரஸ் போட்ட சீமாட்டிங்க, லிஸ்ட் போட்டா முடியாது.

பழைய_தூரிகை:
வின்கல்மன் படம் எனக்கும் பிடிக்கும், அதை மறுக்கவே மாட்டேன். அந்தக் கை எழுத்தை நிறுத்தின விதம் இருக்கே, அது கண் முன்னால ஒரு மனுஷனை உக்கார வச்சுப் பாத்துப் பாத்து வரைஞ்சது. என் பாயிண்ட்டும் அதேதான் தம்பி. பாக்க விட்ட இடத்துல பிரமாதமா வரைஞ்சிருக்காங்க. பாக்க விடாத இடத்துல தடுமாறியிருக்காங்க. ஆனா ஒண்ணு, எல்லா போர்ட்ரெய்ட்டும் அப்படி இல்ல. ஜெர்மன் கவிஞர் கதேயை 1787ல வரைஞ்சாங்களே, கதே தானே எழுதி வச்சிருக்கார், அழகான இளைஞன்தான் ஆனா என் ஜாடை துளி கூட இல்லன்னு.

நெல்லை_வாசகன்:
சார், அதே கதே வேற ஒண்ணும் எழுதியிருக்கார், அதைப் படிச்சப்போதான் எனக்கு இவங்க மேல பாசமே வந்துச்சு. 1786லேர்ந்து 88 வரைக்கும் ரோம்ல இருந்தப்போ ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் சேந்து படம் பாக்கப் போவாங்க. அவ்ளோ திறமை, அவ்ளோ சொத்து இருந்தும் இவங்க சந்தோஷமா இல்லன்னு அவர் கவனிக்கறார். விக்கறதுக்காக வரைஞ்சு வரைஞ்சு அலுத்துப் போச்சு, தனக்காக வரையணும்னு ஆசை, அதுக்குத் தேவையான வசதியும் இருக்கு, ஆனா வயசான புருஷனுக்கு பல நேரம் சுலபமான வேலைக்கே பெரிய பணம் வந்துட்டே இருக்கறது ரொம்ப இனிப்பா இருக்குன்னு. 1781ல இருந்து வரைஞ்ச படம், யாருக்கு, எவ்ளோன்னு ஒரு பட்டியலே இத்தாலியன்ல இருக்கு, அதை எழுதினது புருஷன் அந்தோனியோ ஸுக்கி, அவரும் ஓவியர்தான். அந்தப் பட்டியல் இன்னிக்கு ராயல் அகாடமி வசம் இருக்கு. வரலாற்றுக்குப் பொக்கிஷம்தான், ஆனா கதே சொன்னதை மனசுல வச்சுட்டுப் படிச்சா ஒவ்வொரு வரியும் கனமா இருக்கு.

அந்த ஒரே முகம் சமாச்சாரத்துக்கும் இதுல பாதி பதில் இருக்குன்னு தோணுது சார். தேவை அவ்ளோ இருந்துச்சு. படத்தைச் செப்புத்தகட்டுல செதுக்கி அச்சுப் போட்டு வித்தாங்க, பார்தலோஸி மாதிரி பெரிய ஆளுங்க செதுக்கினாங்க, அந்த அச்சைப் பாத்து பீங்கான் கோப்பையில, விசிறியில, மேஜை மேல எல்லாம் வரைஞ்சாங்க. எந்தப் பழைய இங்கிலீஷ் மாளிகைக் கூரையில ஓவல் படம் இருந்தாலும் இவங்க வரைஞ்சதுன்னு சொல்லிடறது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு, அதுல நிறைய அவங்க தொட்டதே இல்ல. நாம பாக்கற "சாஃப்ட் ஏஞ்சலிகா" பாதி பீங்கான் கோப்பையில இருக்கற ஏஞ்சலிகா.

தேம்ஸ்_கரை:
இதை நான் நூறு தடவை ஆமோதிக்கறேன். ப்ளிமத் பக்கத்துல சால்ட்ரம்னு ஒரு மாளிகை, கரிக்கோடு சொன்ன 1769 படங்கள் நாலும் அங்கதான் இருக்கு, ஜான் பார்க்கர்ங்கறவர் வாங்கினது. அச்சுல பாத்த உருவத்தை மனசுல வச்சுட்டுப் போனா அதிர்ச்சியா இருக்கும். கலர் அவ்ளோ அழுத்தம். அச்சுல எல்லாம் சாம்பலும் ரோஸும்தான் வரும், நேர்ல பாத்தா வெனிஸ் போய்ப் படிச்ச ஆள் வரைஞ்சதுன்னு புரியும்.

மூணாம்_வருஷம்:
அக்கா, ஹோன் படம் பத்தி யாரும் எழுதலையே? நேத்து ராத்திரி இந்த இழையைப் படிச்சுட்டு தேட ஆரம்பிச்சேன், தூக்கமே வரல.

கரிக்கோடு:
எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், நீ கேட்டுட்ட. 1775ல நதானியேல் ஹோன்ங்கற உறுப்பினர் மந்திரவாதின்னு ஒரு படம் அகாடமி கண்காட்சிக்குக் குடுத்தார். குறி ரெனால்ட்ஸ் மேல, பழைய மாஸ்டர்கள் கிட்ட இருந்து திருடறார்னு சொல்ற படம், ஆனா பின்னணியில துணியில்லாம ஆடற உருவங்கள்ல ஒண்ணு ஏஞ்சலிகான்னு பாத்தவங்க எல்லாருக்கும் புரிஞ்சது. இவங்களையும் ரெனால்ட்ஸையும் சேத்து ஊர் ஏற்கெனவே பேசிட்டிருந்த நேரம். அதுக்கு முன்னாடி 1767ல ஸ்வீடன் பிரபுன்னு சொல்லி ஏமாத்தின ஒருத்தன் கல்யாணம் பண்ணிட்டு, குட்டு வெளிய வந்து அடுத்த வருஷமே பிரிஞ்சு, அந்த வலி வேற. இன்னொரு ஆளா இருந்தா வாயை மூடிட்டு ஊரை விட்டுப் போயிருப்பாங்க. இவங்க உக்காந்து அகாடமிக்கு கடிதம் எழுதினாங்க, அந்தப் படத்தைக் காட்சிக்கு வைக்கறதா இருந்தா என் படங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடுங்கன்னு. ஹோன் என்னென்னவோ சமாதானம் சொன்னார், கடைசியில அகாடமி அந்தப் படத்தை எடுத்துடுச்சு, அவரும் அந்த உருவங்களை மேல பெயிண்ட் அடிச்சு மாத்திட்டார். மாத்தின படம் இப்போ டப்ளின் நேஷனல் கேலரியில இருக்கு, மாத்தாத ஸ்கெட்ச் லண்டன் டேட் மியூசியத்துல இருக்கு.

சாஃப்ட்னு சொல்றவங்க அந்தக் கடிதத்தை ஒரு தடவை படிக்கணும்.

கிரேக்கக்கதை_பைத்தியம்:
இதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடி, 1774ல, கிரேக்கக் கதையில வர்ற அரியாட்னியை வரைஞ்சிருக்காங்க, ஹூஸ்டன் மியூசியத்துல இருக்கு. காதலன் தீசியஸ் தன் காரியம் முடிஞ்சதும் அவளைத் தீவுல தூங்கவிட்டுட்டுப் போயிடறான், இவ முழிச்சுப் பாத்தா தூரத்துல கப்பல் போகுது. பக்கத்துல நகைப்பெட்டி திறந்து கிடக்கு. நகையை வச்சுட்டு ஆளைக் கூட்டிட்டுப் போகலங்கற மாதிரி எனக்குத் தோணும். தன் கதையைத்தான் வரைஞ்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தக் கதையை அந்தக் காலத்துல நிறைய பேர் வரைஞ்சிருக்காங்க, ஆனா பொய் சொல்லிட்டுப் போன ஆளைத் தெரிஞ்சவங்க கை அதுன்னு மட்டும் சொல்லுவேன்.

பழைய_தூரிகை:
ரெண்டு நாளா இந்த இழை மனசுலயே ஓடுது. பேத்தி கிட்ட லேப்டாப் வாங்கி சூக்ஸிஸ் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன், 1778 வாக்குல வரைஞ்சது. கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பேரழகி ஹெலனை வரைய ஒரு பொண்ணு போதாதுன்னு பழைய கிரேக்க ஓவியன் சூக்ஸிஸ் ஊர்ல இருக்கற அழகான பொண்ணுங்களைக் கூப்பிட்டு, ஒருத்தி கிட்ட கண், ஒருத்தி கிட்ட கைன்னு பொறுக்கி எடுத்து ஒரே அழகியை உண்டாக்கினான்னு. ஓவியக் கல்லூரியில எனக்கு இதைத்தான் பெரிய பாடமா சொல்லிக் குடுத்தாங்க, நானும் பசங்களுக்குச் சொன்னேன். இந்தப் படத்துல சூக்ஸிஸ் நடுவுல ஒரு பொண்ணோட அளவைப் பாத்துட்டு நிக்கறான், மத்த பொண்ணுங்க முறை வரட்டும்னு காத்திருக்காங்க.

வலது ஓரத்துல ஒருத்தி மட்டும் வரிசையை விட்டு அவன் பின்னாடி வந்துட்டா. அங்க வெறும் கேன்வாஸ் நிக்குது. அவ பிரஷ்ஷை எடுத்துட்டா. அவன் இன்னும் திரும்பிப் பாக்கல.

தோள்பட்டை பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கல, கரிக்கோடு அம்மா. ஆனா இந்தக் கதையை நாப்பது வருஷமா சொல்றேன், அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு வரையணும்னு தோணியிருக்கும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல.

மூணாம்_வருஷம்:
சார், அந்த ஓரத்துப் பொண்ணு ஏஞ்சலிகா முகம் மாதிரியே இருக்குல்ல?

பழைய_தூரிகை:
அப்படித்தான் நிறைய பேர் சொல்றாங்கம்மா. எனக்கும் அப்படித்தான் படுது. நீ அவங்க வயசான காலத்துல, 1794ல வரைஞ்ச படத்தையும் பக்கத்துல வச்சுப் பாரு, இசைக்கும் ஓவியத்துக்கும் நடுவுல அவங்க நிக்கறது. இசை கையைப் பிடிச்சிட்டு விடல, ஓவியம் தூரத்து மலை மேல இருக்கற கோயிலைக் காட்டறா. ரெண்டையும் பாத்து பென்சில்ல ஒரு தடவை வரைஞ்சு பாரு, அந்த மூக்கு ஏன் அப்படி போகுதுன்னு கைக்குத் தெரியும். வரைஞ்சதும் இங்க போடு, தோள்பட்டையை நான் பாக்கறேன்.